ஐம்பத்தெட்டாம் மைல் கம்பம்

ஜூலை 5, சனி

நாளை விடியும் முன் கிளம்புகிறோம். என் புத்தகப் பையை அப்பா மறுபடியும் வண்டியிலிருந்து இறக்கி வைத்துவிட்டார். உதிரிச் சக்கரம், ரம்பம், சங்கிலி, பீர் நிரம்பிய குளிர்பெட்டி எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. புத்தகத்துக்கு மட்டும் இல்லை. "ரெண்டு போதும் வின்னி. பாலைவனத்துக்குப் போறோம், பரீட்சைக்கு இல்ல."

ஐம்பத்தெட்டாம் மைல் கம்பம் எங்கே இருக்கும் என்று கண்டுபிடித்தது யார்? நான். போன பருவம் முழுக்க மதிய இடைவேளையில் பள்ளி நூலகத்தில் உட்கார்ந்து, பழைய எல்லை வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் வைத்து ஒப்பிட்டேன். நூற்று நாற்பது வருடங்களுக்கு முன் ஒட்டகங்களில் தண்ணீர் கட்டிக்கொண்டு போய், மைலுக்கு ஒரு மரக்கம்பம் நட்டு மாநில எல்லையை அளந்திருக்கிறார்கள். மிச்சம் இருப்பவற்றை அப்பாவின் ஜீப் குழு குளிர்கால விடுமுறைதோறும் தேடிப் போகிறது; இங்கே குளிர்காலம் ஜூலையில்தான். இது ஒன்று மட்டும் யாருக்கும் அகப்படவில்லை.

அதன் மேல் ஒருமுறை கை வைத்துப் பார்க்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

ஜூலை 7, திங்கள்

நான்கு வண்டிகள். அப்பா பயணத் தலைவர், அதனால் நாங்கள் முதலில். கடைசி வண்டியில் டெஸ்ஸும் அவர் மனைவி நோலீனும். வண்டிக்கு வண்டி பேசும் ரேடியோவில் டெஸ் பேசாத நேரம் அவர் தூங்கும் நேரம் மட்டும்தான். எனக்கு 'நூலகம்' என்று பெயர் வைத்துவிட்டார்.

"ஏய் நூலகம்! இன்னும் எவ்ளோ தூரம்? இல்ல, புத்தகத்தப் பெரட்டிப் பாத்துத்தான் சொல்லுவியா?"

மற்ற வண்டிகளிலிருந்தும் சிரிப்பு கேட்டது. அப்பாவும் சிரித்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

மதியம் டகன் பண்ணை. எல்லைக்கோடு அவர்கள் நிலத்தின் வழியாகப் போகிறது. திருமதி டகன் நாயைக் காலோடு நிறுத்திக்கொண்டு அப்பாவிடம் சொன்னார்: "கேட் தொறந்திருந்தா தொறந்தே விடுங்க, மூடியிருந்தா மூடிட்டுப் போங்க. நீங்க கொண்டு வந்த வெறக மட்டும் எரிங்க. என் நெலத்துல ஒரு குச்சி எடுக்கக் கூடாது. கம்பம் கெடச்சா படம் எடுத்துக்கோங்க, தொடாதீங்க. திரும்பும்போது எங்கிட்ட வந்து சொல்லிட்டுப் போகணும்."

"கண்டிப்பா" என்று அப்பா கை கொடுத்தார்.

"மகாராணிக்கு வணக்கம்" என்றார் டெஸ் ரேடியோவில், வண்டிக்குள் போன பிறகு.

முன் இருக்கையில் இருப்பவர்தான் இறங்கி கேட் திறந்து மூட வேண்டும். கை முழுக்கத் துரு.

ஜூலை 8, செவ்வாய்

கிடைக்கவில்லை. நான் குறித்திருந்த இடத்தைச் சுற்றி நாள் முழுக்க வண்டியில் மேலும் கீழும் ஓடினோம். நெட்டுக்குத்தாக எது தெரிந்தாலும் போய்ப் பார்த்தோம். எல்லாம் செத்த மரங்கள்.

"கரையான் படிச்சு முடிச்சிருக்கும், நூலகம்" என்றார் டெஸ்.

சூரியன் இறங்கியதும் குளிரில் பல் கிட்டியது. கொண்டு வந்த விறகு தீர்ந்துவிட்டது. நேற்று டெஸ், வீடே பற்றி எரிவது போல ஒரு நெருப்பு மூட்டினாரே, பின்னே எப்படித் தீராமல் இருக்கும்? அப்பா அரையிருட்டில் ஒரு காய்ந்த கட்டையைப் பார்த்து, சங்கிலியால் வண்டியின் பின்னால் கட்டி முகாம் வரை இழுத்து வந்தார்.

"அவங்க வெறகு எடுக்கக் கூடாதுன்னு சொன்னாங்களே" என்றேன்.

"செத்த கட்டை வின்னி. எல்லாருக்கும் குளிருது."

"மகாராணி என்ன, பொதருக்குப் பின்னாலயா ஒளிஞ்சிருக்காங்க?" — டெஸ்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு நெருப்புப் பக்கம் போனேன். நோலீன் இரும்புச் சட்டியில் ஆட்டுக்கறியும் பூசணியும் வேக வைத்தார். கட்டை நின்று எரிந்தது. இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கித் தின்றேன்.

ஜூலை 9, புதன்

எரித்துவிட்டார்கள்.

எரித்துவிட்டோம்.

*மாலை.* இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது. காலையில் ரொட்டி சுட நோலீன் தணலைக் கிளறினார். "காலின், இங்க கொஞ்சம் வா" என்று அப்பாவைக் கூப்பிட்டார். நெருப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனை மட்டும் எரியாமல் கிடந்தது, என் கை நீளம். அதைப் புரட்டியிருந்தார். அடிப்பக்கம் தட்டையாகச் செதுக்கியிருந்தது. ஒரு அம்புக்குறி. அதன் கீழ் 5. அதன் பக்கத்தில் 8.

டெஸ்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஆக, கண்டுபுடிச்சாச்சு! நூலகம், எழுதிக்கோ!"

யாரோ சிரித்தார்கள். சிரித்தார்கள்!

சங்கிலியில் இழுத்த தடம் செம்மண்ணில் அப்படியே இருந்தது. நான் தனியாக அதன் வழியே நடந்தேன். தடம் முடிந்த இடத்தில் ஒரு கற்குவியல், நடுவில் சதுரக் குழி. நான் குறித்திருந்த இடத்திலிருந்து ஒரு கிரிக்கெட் மைதான தூரம்கூட இல்லை. நின்றுகொண்டிருப்பதைத் தேடிக்கொண்டே இருந்தோம். அது எப்போதோ விழுந்து கிடந்திருக்கிறது. குழிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். மண்தான்.

திரும்பி வந்தால் டெஸ் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். "குழிய மட்டும் படம் எடுப்போம். கரையான் தின்னுடுச்சுன்னு சொல்லுவோம். நெசத்தச் சொன்னா அந்தம்மா கேட்டப் பூட்டிடும். யாருக்கு லாபம்? இந்தத் துண்ட நம்ம குழு ஆபீஸ் சுவத்துல மாட்டிக்கலாம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். கை கொடுத்தது அவர்தானே? கண்டிப்பா என்று சொன்னது அவர்தானே? அவர் "சரி, மூட்ட கட்டுங்க" என்றார். அவ்வளவுதான். இவரைத்தான் நான் ஆறாம் வகுப்பில் 'எனக்குப் பிடித்த மனிதர்' கட்டுரையில் எழுதினேன்.

ஜூலை 10, வியாழன்

இன்று நான் ஒரு கேட்டும் திறக்கவில்லை. முதல் கேட்டில் அப்பா காத்திருந்தார். நான் கண்ணாடி வழியாக நேரே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே இறங்கித் திறந்து, ஏறி, ஓட்டி, மறுபடி இறங்கினார். அடுத்த கேட்டிலும் அப்படியே. பின்னால் மூன்று வண்டிகள் நின்றன.

"என்ன காலின், நூலகத்துக்கு இன்னிக்கு லீவா?" என்றது ரேடியோ.

ஒரு கேட்டில் கதவைப் பிடித்துக்கொண்டே அப்பா நின்றுவிட்டார். வந்து என் பக்கத்து ஜன்னலில் குனிந்தார்.

"கட்டும்போது நான் சரியா பாக்கலம்மா."

"பாக்காதது வேற. இப்ப வாயத் தொறக்காதது வேற."

என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. அவர் முகம் சிவந்தது. அடிப்பாரோ என்றுகூட நினைத்தேன், ஒருநாளும் அடித்ததில்லை. கையை உள்ளே விட்டு ரேடியோவை எடுத்தார். "டெஸ், அந்தத் துண்டு எனக்கு வேணும். டகன் அம்மாகிட்டக் காட்டணும்."

ரேடியோவில் டெஸ் கத்தினார்: "யோவ், உனக்கென்ன பைத்தியமா? பொண்ணு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிட்டான்னு எங்க எல்லாரையும் மாட்டி விடுவியா?"

நோலீன்தான் இறங்கி வந்தார். துண்டை ஜன்னல் வழியாக என் மடியில் வைத்தார். என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு மூன்று வண்டிகளும் எங்களைத் தாண்டிப் போய்விட்டன. பண்ணை வீட்டில் நிற்கவில்லை.

கடைசியில் அதன் மேல் கை வைத்துக்கொண்டு வந்தேன். புகை நாற்றம்.

திருமதி டகன் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கட்டைவிரலால் எட்டைத் தடவினார். "யார் எரிச்சது?"

"நான்" என்றார் அப்பா.

"நாங்க எல்லாரும்" என்றேன்.

"உன்னக் கேக்கல." அப்புறம் அப்பாவிடம்: "என் வீட்டுக்காரர் சாகற வரைக்கும் இதத் தேடினார். இனிமே ஒரு வண்டியும் உள்ள வரக் கூடாது. உண்மையச் சொல்லிட்டீங்க, சரி. அதுக்காக டீ போட்டுக் குடுப்பேன்னு நிக்காதீங்க."

அப்பா வண்டியில் ஏறியும் சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார். நான் ஜெயித்தது போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. இன்னும் கோபமாகத்தான் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் மட்டும் கம்பம் வந்துவிடுமா?

ஜூலை 12, சனி

தொலைபேசி ஓயவில்லை. ஒருமுறை நான் எடுத்தேன். டெஸ். வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இன்று குழுவின் மாதக் கூட்டம். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்பா அதில் இருக்கிறார், காய்ச்சலோடுகூடப் போயிருக்கிறார். இன்று போகவில்லை. அவரை நீக்கிவிட்டார்களா, அவராக விலகினாரா? நான் கேட்கவில்லை.

பள்ளியிலிருந்து வந்தபோது வண்டிக் கதவில் இருந்த குழுவின் ஸ்டிக்கரை வெந்நீர் ஊற்றி உரித்துக்கொண்டிருந்தார். வெயிலில் காய்ந்து ஒட்டிப்போனது. விரல் நகம் அளவுதான் துண்டு துண்டாக வந்தது. நான் படிக்கட்டில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்தேன். ஒரே பக்கத்தையே படித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எழுந்துபோய் மறுபக்கக் கதவில் இருந்ததைச் சுரண்டத் தொடங்கினேன்.

"வெந்நி வேணுமா?" என்றார் வண்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"கொஞ்சம் ஊத்துங்க" என்றேன்.