பேசாத பிரபு

ஜூன் 3, செவ்வாய்

காலையில் காய்கறிச் சந்தையில் பதினேழு தராசுகளைச் சோதித்தேன். மூன்றில் கோளாறு. ஒருவன் தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டி வைத்திருந்தான். "அது எப்படி அங்க வந்துச்சுன்னே தெரியல சார்" என்றான். நான் எடை அளவு ஆய்வாளர் வேலையில் சேர்ந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து இந்த ஊர்க் காந்தங்களெல்லாம் தாமாகவே நடந்து வந்துதான் ஒட்டிக்கொள்கின்றன.

வீட்டுக்கு வந்தால் மனைவி அடுக்களையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெங்காயம் என்று நினைத்தேன். வெங்காயம் கூடையில் முழுசாக இருந்தது. அடுப்பு மேடையில் அந்த நாவல் விரித்துக் கிடந்தது. நான்காவது தடவையாகப் படிக்கிறாள்.

"முடிவுதான் தெரியுமே, இன்னுமா அழுகை வருது?"

"தெரிஞ்சதனாலதான் வருது" என்றாள்.



ஜூன் 7, சனி

நாலு மணிக்கு அவளுடைய வாசகர் வட்டம். நூலக மாடியில் கூடுகிறார்கள். ஒரு பல் டாக்டர், ஒரு தையல்கடைக்காரி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, ஒரு பெண் பஸ் கண்டக்டர், என் மனைவி. நான் வைத்த பெயர் கண்ணீர்க் கழகம். வெளியே சொன்னதில்லை.

வருடத்தில் பத்து மாதம் வேறு வேறு புத்தகம். ஜூன், ஜூலை மட்டும் இதே நாவல். கடலோரப் பாறை மேல் ஒரு மாளிகை. அதில் ஒரு பிரபு, யாரோடும் பேச மாட்டார். மாளிகைப் புத்தகங்களுக்குப் பட்டியல் போட ஓர் ஏழைப் பெண் வேலைக்கு வருகிறாள். வடக்கு மாடியில் ஓர் அறை எப்போதும் பூட்டியே இருக்கும். காற்று அடிக்கும், கதவு முனகும், பிரபு ஜன்னலோரம் நிற்பார். முந்நூற்றுத் தொண்ணூறு பக்கம்.

எழுதி நூற்றைம்பது வருடமாகிறதாம். தராசுப் படிக்கல்லுக்கே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மறுமுத்திரை வேண்டும். இதை மட்டும் யாரும் மறுபரிசோதனை செய்வதே இல்லை.

ஜூன் 9, திங்கள்

மனைவி தன் தங்கையிடம் போனில் பேசியது காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்கவில்லை. கூடத்தில்தான் இருந்தேன், செய்தித்தாளின் சத்தத்தை மட்டும் நிறுத்தினேன்.

"அந்த ஆளு வாயத் தொறக்க மாட்டான்டி. சும்மா ஜன்னலோரமா நிப்பான். அதுலயே வீடு நெறஞ்ச மாதிரி இருக்கும்."

பிறகு ஏதோ கேட்டு, ஒரு சிரிப்பு. "இவரா? இவரு தராசைப் பத்தி ஆரம்பிச்சா நான் ரெண்டு வேளைச் சமையல முடிச்சிருவேன்."

அப்படியா?

ஜூன் 10, செவ்வாய்

இன்று முதல் பேசுவதில்லை.

ஆபீசிலிருந்து வந்ததும் நேராக ஜன்னலோரம் போய் நின்றேன். பிரபுவுக்குக் கடல். எனக்குப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. இருபது நிமிடம் அதையே வெறித்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் மொட்டை மாடிக்கு வந்து, "ஒழுகுறது தெரியும் சார், நாளைக்கே ஆளைக் கூப்பிடுறேன். புகார் கிகார் ஒண்ணும் வேணாம்" என்று கும்பிட்டார்.

மனைவி வந்தாள். "வயிறு சரியில்லையா?"

மௌனம்.

"காலைல போகலையா?"

மௌனம். உள்ளே போய் வெந்நீரில் ஓமம் போட்டுக் கொண்டுவந்தாள். அதைக் குடித்துக்கொண்டே முகத்தை மர்மமாக வைத்துக்கொள்ள எந்தப் பிரபுவாலும் முடியாது.

ஜூன் 11, புதன்

மௌனம், இரண்டாம் நாள். "வீடு எவ்ளோ நிம்மதியா இருக்கு தெரியுமா!" என்று மகளிடம் போனில் சொல்கிறாள். சோதனை கைவிடப்பட்டது.

ஜூன் 13, வெள்ளி

எதிரியை வெல்ல எதிரியைப் படிக்க வேண்டும். வீட்டுப் பிரதியைத் தொட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும். நூலகத்தில் அந்த நாவலைக் கேட்டேன். "ஆறு பிரதி இருக்கு, ஆறும் வெளிய போயிருக்கு. உங்க பேர் பதினோராவது" என்றார் நூலகர். ஆபீசில் இதைச் சொல்லிப் புலம்பியபோது, எட்டு வருடமாக என்னிடம் விடுப்பு விண்ணப்பம் தவிர வேறெதுவும் பேசாத தட்டச்சர் அம்மா மேசை இழுப்பறையைத் திறந்து தன் பிரதியை எடுத்துக் கொடுத்தார்.

"ஒம்போது தடவை படிச்சிருக்கேன். பக்கத்தை மடிக்காதீங்க சார்."

இழுப்பறையில்! முத்திரை மைக்கும் கார்பன் தாளுக்கும் நடுவில்!

ஜூன் 17, செவ்வாய்

நூற்று அறுபது பக்கம் முடிந்தது. ஆய்வுக் குறிப்பு: மாளிகையில் நாற்பது அறை, வேலையாள் இரண்டே பேர். யார் பெருக்குகிறார்கள்? கடற்காற்றில் அத்தனை புத்தகமும் பூஞ்சை பிடித்திருக்க வேண்டும். பிரபு எப்போது சாப்பிடுகிறார் என்று எங்கேயும் இல்லை. சாப்பிடாதவன் உர்ரென்றுதான் இருப்பான், அதில் காதல் எங்கிருந்து வந்தது?

பஸ்ஸில் படித்துக்கொண்டே வந்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டது. நடந்து வந்தேன். நடந்துகொண்டே எட்டுப் பக்கம்.

ஜூன் 21, சனி

பிடிபட்டேன். ஆய்வுப் பதிவேட்டுக்குள் மறைத்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். பதிவேடு தலைகீழாக இருந்ததாம்.

கேலி செய்வாள் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எது வரைக்கும் வந்திருக்கீங்க? அறை தொறந்தாச்சா? இல்லையா? அய்யோ, அப்ப நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." ஒரு மணி நேரம் பேசினோம். கேஸ் சிலிண்டர், மகளின் விடுதி, என் ரத்த அழுத்தம், மூன்றும் இல்லாமல் நாங்கள் ஒரு மணி நேரம் பேசியது எப்போது? நினைவில்லை.

அடுத்த சனிக்கிழமை கழகத்தில் நான் பேச வேண்டுமாம். "ஆம்பளைங்க யாரும் இதைப் படிச்சதே இல்லைங்க. நீங்க பேசினா நல்லாயிருக்கும்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

அறை திறந்தது. உள்ளே பேயும் இல்லை, பிணமும் இல்லை. ஒரு பெட்டி, சில உடைகள், ஒரு குடை. பிரபுவின் தங்கையுடையவை. கடலில் மூழ்கிச் செத்துப்போனாள் என்று ஊருக்கே சொல்லி வைத்திருந்தான். அவள் சாகவில்லை. தன் இஷ்டத்துக்குப் புறப்பட்டுப் போயிருக்கிறாள், அவ்வளவுதான். போனாள் என்று ஒத்துக்கொள்ள மனசில்லாமல் செத்தாள் என்று சொல்லிவிட்டான். அதைக் கண்டுபிடித்ததும் புத்தகப் பட்டியல் போடும் பெண் மழையில் அந்த வீட்டை விட்டு நடக்கிறாள்.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

என் இரும்பு அலமாரியில், கீழ்த்தட்டில், பழைய சம்பளச் சீட்டுகளுக்கு அடியில் ஓர் உறை இருக்கிறது. இதுவரை இந்த நோட்டில்கூட எழுதியதில்லை. பதினோரு வருடத்துக்கு முன் என் மனைவிக்கு ஒரு பெண்கள் கல்லூரியிலிருந்து வந்த வேலை உத்தரவு. தாவரவியல் ஆசிரியை. வேறு ஊர். வழக்கமான தபால்காரருக்கு மாற்றாக அன்று வந்தவரிடம் நான்தான் வாங்கினேன். மகளுக்கு எட்டு வயது, என் அம்மா படுத்த படுக்கை. இரண்டு நாள் கழித்துக் காட்டலாம் என்று உள்ளே வைத்தேன். சேர வேண்டிய தேதி போய்விட்டது. தேதி போன பிறகு எப்படிக் காட்டுவது?

தனக்குக் கிடைக்கவில்லை என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அது வேறு, இது வேறு. அவன் பிரபு. நான் குடும்பஸ்தன்.

ஜூன் 28, சனி

பேசினேன்.

பூஞ்சை, பெருக்குவது, சாப்பாடு — முதல் பத்து நிமிடம் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதோடு உட்கார்ந்திருக்கலாம். கைதட்டல் ஒரு போதை. என் வாயில் புகுந்து யார் பேசினாரோ, "ஒரு பெண்ணுக்குத் தெரிஞ்சாக வேண்டிய விஷயத்தை அவகிட்ட மறைக்கிறவன், தட்டுக்கு அடியில் காந்தம் வைக்கிறவனைவிட மோசம். அவன் எடையில் திருடுறான், இவன் வாழ்க்கையில் திருடுறான்" என்று முழங்கினேன். தலைமையாசிரியை எழுந்து நின்று கைதட்டினார். கண்டக்டர் அம்மா விசிலே அடித்துவிட்டார்.

மனைவியைப் பார்த்தேன். கல்யாணம் ஆன இந்த இருபத்திரண்டு வருடத்தில் என்னை அவள் அப்படிப் பார்த்ததில்லை. அத்தனை பெருமை அந்தக் கண்ணில்.

திரும்பும்போது தெருவிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க இவ்ளோ யோசிப்பீங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

எப்படிடா வீடு வரைக்கும் நடந்தே? கல்லா நீ?

ஜூன் 29, ஞாயிறு

காலை பத்து மணி. துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். உறையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். இரண்டாம் முறை உட்கார்ந்து படித்தாள்.

"பதினாலாம் தேதி சேரணும்னு போட்டிருக்கு."

"ஆமா."

"அந்த மாசம் பூரா நான் என்ன பண்ணிட்டிருந்தேன்னு ஞாபகம் இருக்கா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"தெனமும் வாசல்ல நின்னு தபால்காரரைக் கேட்டேன். கடைசில என்னைப் பாத்தாலே அவரு அந்தப் பக்கமா ஒதுங்கிப் போனாரு. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம், நமக்குத்தான் அறிவு பத்தலைன்னு நெனச்சிட்டு இருந்தேன். நீங்கதானே ஆறுதல் சொன்னீங்க? அடுத்த தடவை பாத்துக்கலாம்னு?"

"பாப்பா சின்னது... அம்மாவுக்கு வேற முடியாம..."

"அதைச் சொல்லிக் கேட்டிருந்தா, போகலைன்னு நானே சொல்லியிருப்பேனோ என்னவோ. தெரியாது. இனிமே தெரியப் போறதும் இல்ல."

அழுவாள் என்று நினைத்தேன். கத்துவாள் என்று நினைத்தேன். மீதித் துணிகளை மடித்தாள். என்னுடையதை மட்டும் மடிக்காமல் நாற்காலியில் விட்டுவிட்டுப் போனாள்.

ஜூன் 30, திங்கள்

சட்டையை நானே மடித்தேன். ஒரு கை இன்னொரு கையின் மேல் உட்காரவே மாட்டேன் என்கிறது.

ஜூலை 2, புதன்

தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். மழை இல்லை, இடி இல்லை. பட்டப்பகலில், ஆட்டோவில், இரண்டு பையோடு. "பருப்பு டப்பா மேல் தட்டுல இருக்கு" என்றாள்.

மாலை மகள் போன் செய்தாள். எல்லாம் தெரிந்திருக்கிறது. "எனக்கு எட்டு வயசு, அதனால போக விடலைன்னு இதுல என்னைச் சேர்க்காதீங்கப்பா" என்றாள். வைத்துவிட்டாள்.

ஜூலை 12, சனி

கடவாய்ப் பல் வலி. ஊரில் இருக்கும் ஒரே பல் டாக்டர் கழகத்தின் உறுப்பினர். வேறு வழியில்லை. நாற்காலியைச் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, பஞ்சை அடைத்து, குழாயை மாட்டிவிட்டு, அதன் பிறகு ஆரம்பித்தார்.

"அன்னைக்குப் பேச்சு பிரமாதம் சார். காந்தம்! நான் வீட்ல போயி எழுதிக்கூட வச்சேன். இன்னும் பெருசாத் தொறங்க."

"ஆ..."

"நாங்கல்லாம் அந்தப் பிரபு மேல மயங்கித்தான் படிக்கிறோம்னு நெனச்சீங்களா? பேசாம நிக்கிற ஆம்பளை எங்க எல்லார் வீட்லயும் இருக்கான் சார். அதுக்கா ஒரு புத்தகம்? அவ கதவைத் தொறந்துட்டு நடக்கிறா பாருங்க, அந்த ஒம்பது பக்கம். எந்தப் பிரதிய வேணா எடுத்துப் பாருங்க, அந்த எடத்துலதான் அழுக்காயிருக்கும். திரும்பி வராளா இல்லையாங்கிறது அவ இஷ்டம். வலிக்குதா?"

தலையாட்டினேன்.

"வலிக்கும்" என்றார்.

வீட்டுக்கு வந்து தட்டச்சர் அம்மாவின் பிரதியைப் புரட்டிப் பார்த்தேன். இருநூற்று எழுபதாம் பக்கத்திலிருந்து ஒன்பது பக்கம், ஓரமெல்லாம் பழுப்பு.

ஜூலை 27, ஞாயிறு

மனைவியே போன் செய்தாள். மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஒரு கல்லூரி, பஸ்ஸில் நாலு மணி நேரம். தற்காலிக வேலைதான். நேர்முகத் தேர்வு முடிந்து எடுத்துக்கொண்டார்களாம். "கேக்கறதுக்காகப் போன் பண்ணலை. சொல்றதுக்காகப் பண்ணினேன்."

"எப்ப சேரணும்?"

"வெள்ளிக்கிழமை. என் படிப்புச் சான்றிதழெல்லாம் பீரோவுல இருக்கு. தங்கச்சி வருவா, குடுத்து விடுங்க."

வந்தாள். "எடுத்து வச்சிட்டீங்களா மாமா, இல்ல தேடணுமா?" என்று கேட்டுவிட்டு அலமாரியை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கே ஆறு மாதம் கடுங்காவல் தரலாம்.

ஆகஸ்ட் 9, சனி

சாதம் குழைந்துவிட்டது. சொல்வதற்கு ஆள் இல்லை.

ஆகஸ்ட் 23, சனி

"இந்தப் பக்கம் வேலையா வந்தா வந்துட்டுப் போங்க" என்று செய்தி அனுப்பியிருந்தாள். அந்தப் பக்கம் எனக்கு என்ன வேலை? அது என் சரகமே இல்லை.

முதல் பஸ்ஸில் போனேன். அரை மணி நேரம் இருந்தேன். காபி கொடுத்தாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

திரும்பும் பஸ்ஸில் எழுதுகிறேன், கையெழுத்து குலுங்குகிறது.

நேற்றும் இன்றும் அங்கேதான் இருந்தேன். இரண்டாம் மாடியில் ஒரே அறை, இரண்டு ஜன்னல். மேசை, கட்டில், தரை எங்கும் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து உலர்த்தும் இலைகள். கால் வைக்க இடமில்லை. கதவைத் தட்டிவிட்டு வெளியே நின்றேன். "வாங்க, மிதிச்சிராதீங்க" என்றாள்.

வீட்டுச் சொந்தக்கார அம்மா எட்டிப் பார்த்து யார் என்று கேட்டார். "எங்க வீட்டுக்காரர். அப்பப்ப வந்துட்டுப் போவாரு."

அவள் விடைத்தாள் திருத்தினாள். என்னிடம் ஒரு கட்டுச் செய்தித்தாளைக் கொடுத்து, ஈரமானதை எடுத்துவிட்டுப் புதிதாக மாற்றச் சொன்னாள். ஓர் இலைகூட ஒடியக் கூடாது. நூற்றுப்பன்னிரண்டு இலை. ஒன்று ஒடிந்தது. உடனே சொன்னேன். எழுந்து வந்து பார்த்தாள். "பரவால்ல, இதே மாதிரி வேற இருக்கு" என்றாள்.

இன்று கிளம்பும்போது கேட்டேன், "மன்னிச்சிட்டியா?"

"வரும்போதெல்லாம் இதைக் கேக்காதீங்க. எனக்கே தெரிஞ்சா சொல்றேன்."

"அடுத்த சனிக்கிழமை வரட்டுமா?"

சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தாள். "அன்னைக்குப் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு மலைக்குப் போறேன். அதுக்கடுத்த வாரம் வாங்க."

குறித்துக்கொண்டேன். செப்டம்பர் 27.