வெள்ளைப் பொட்டு

இண்டூர்
பவ வருஷம், பங்குனி மாதம், வெள்ளிக்கிழமை

தீர்த்தமலையான் துணை.

கண்டியில் இருக்கும் சிரஞ்சீவி மகன் சென்றாயனுக்கு அப்பா மாதப்பன் எழுதுவது. இங்கே நானும் உன் ஆத்தாவும் மருமகளும் மாடு கன்றுகளும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் சுகமாக இருக்கிறாய் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் தெரியாததை எப்படி எழுதுவது. தைப் பொங்கலுக்கு முன்னால் வந்த கார்டுதான் கடைசி. அதற்குப் பிறகு தபால்காரர் நம் தெருவில் வந்தாலே மூன்று பேரும் வாசலுக்கு வந்துவிடுகிறோம், அவர் எங்களைப் பார்த்ததும் பார்க்காதவர் போலப் போய்விடுகிறார். அவர் மேல் கோபப்பட்டு என்ன செய்வது. நல்லம்பள்ளி ராஜப்பன் உங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்திருக்கிறான். சிலோனில் குளிர்காய்ச்சல் வீட்டுக்கு வீடு புகுந்திருக்கிறது, தண்ணீர் கொடுக்க ஆள் இல்லாமல் கிடக்கிறார்கள் என்று சந்தையில் வைத்து எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டான். சென்றாயனைப் பார்த்தாயா என்று கேட்டால் பார்த்த மாதிரி இருக்குது என்கிறான். பார்த்தாயா இல்லையா என்றால் பார்த்த மாதிரிதான் என்கிறான். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் உன் ஆத்தாவுக்கு என்ன சொல்ல.

இதற்கு நடுவில் நீ விட்டுப் போன படப்பெட்டி வேறு. கல்யாணம் முடிந்து ஆனியில் கப்பலுக்குக் கிளம்பும்போது அதை என் கையில் கொடுத்து, அப்பா, பருவம் மாற மாற ஊரைப் பிடித்து வையுங்கள், விசேஷம் எதுவும் வேண்டாம், சும்மா நடக்கிறதை எடுங்கள், சுருள் முடிந்ததும் பிரிக்காமல் எனக்கு அனுப்புங்கள், நான் வேலை செய்கிற கடையில் நானே கழுவிக்கொள்கிறேன் என்றாய். சரி என்று தலையாட்டிவிட்டேன். ஏர் பிடித்த கை, இந்தப் பெட்டி என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். சும்மா நடக்கிறது என்றால் என்ன என்பது வெகு நாளாக எனக்கு விளங்கவில்லை. பெட்டியை வெளியே எடுத்த நிமிஷமே ஊரில் ஒன்றும் சும்மா நடக்கிறதில்லை. ஆடியில் கேழ்வரகு நாற்று நடுகிறார்களே, அதை எடுக்கலாம் என்று போனேன். நட்டுக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிப் போய்த் தலை சீவிக் கல்யாணச் சேலை கட்டிக்கொண்டு வந்து வரப்பில் வரிசையாக நின்றார்கள். நாற்று நடுங்கம்மா என்றால், நல்ல சேலையில யாராச்சும் நடுவாங்களா மாமா என்று என்னையே கேட்கிறார்கள். பக்கத்துக் காட்டுக் கோவிந்தன் கச்சேரியில் சாட்சி சொல்ல வந்தவன் போலக் கையைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு மூச்சை அடக்கி நின்றான். நம் வெள்ளைக் காளையும் கோவிந்தன் வீட்டு எருமையும்தான் இருக்கிறபடியே இருந்தன. சரி, நிற்கிறவர்கள் நிற்கட்டும் என்று எல்லாரையும் சேர்த்து எடுத்துவிட்டேன்.

பெட்டியும் லேசுப்பட்டது இல்லை. வயிற்றோடு வைத்துக்கொண்டு மேலே இருக்கிற சின்னக் கண்ணாடியில் குனிந்து பார்க்கச் சொன்னாய். நான் வலது பக்கம் திருப்பினால் அதற்குள் தெரிகிற ஊர் இடது பக்கம் போகிறது. மாட்டை ஒரு பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் வரும், நாற்பது வருஷமாக அப்படித்தான் பழக்கம், இது என்ன எதிர்ச்சாதியோ. ஐப்பசியில் அடைமழை. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாய், சூரியனே இல்லாதபோது முதுகை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது. மழையை எப்படி எடுப்பது என்று யோசித்து யோசித்துக் கடைசியில் மழை விட்டதும் வண்டிப்பாதைச் சேற்றில் மாட்டுக் குளம்பு பதிந்து தண்ணீர் நின்றதே, அதை எடுத்தேன். கோவிந்தன் பார்த்துவிட்டு, ஏனுங்க, மனுசன் இத்தன பேரு இருக்கறப்ப சேத்தப் போயி புடிக்கிறீங்களே என்றான். எனக்கும் அதே சந்தேகம்தான், வெளியே காட்டிக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் சுருளை நகர்த்துகிற சாவியைத் திருக மறந்துவிட்டேன் போலிருக்கிறது. கார்த்திகையில் களத்தில் கதிர் மிதிக்கிறதை எடுத்தேன், அது ஐப்பசிச் சேற்றின் மேலேயே போய் விழுந்திருக்கிறது. கழுவிய கடைக்காரர் காட்டினார், அந்தக் கதை பின்னால் வருகிறது, களத்து மாடுகள் தண்ணீருக்குள் நடக்கின்றன. எது மழை எது அறுப்பு என்று எனக்கே சொல்ல முடியவில்லை. மார்கழியில் வத்தல்மலைப் பக்கம் பனி இறங்கி மலையே காணாமல் போனது, ஆசையாக இருந்தது, எடுத்தேன். அதில் ஒன்றுமே இல்லை. மலை இல்லாததை எடுத்தால் படத்தில் மலை எப்படி வரும் என்று உன் ஆத்தா கேட்கிறாள். தையில் அவரைப் பந்தல் பூத்திருந்ததை எடுத்தேன், காற்று அடித்துக் கலங்கிவிட்டது.

மாசியில் புளி. இந்த வருஷம் காய்ப்பு நன்றாக இருக்கிறது, ஏரிக்கரை மரத்தை உலுக்கி வாசல் நிறையக் கொட்டியிருந்தோம். உன் ஆத்தாவும் மருமகள் முனியம்மாளும் உட்கார்ந்து ஓடு தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மருமகளை நான் படம் எடுக்கிறது என்பது நம் வீட்டில் நடக்கிற காரியம் இல்லை, நீயே அறிவாய், இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பெண் என் எதிரில் வந்து நேராக நின்றது கிடையாது. நான் அந்தப் பக்கம் போனால் தூணுக்குப் பின்னால் போய்விடுவாள். ஆகவே புளிக் குவியலை மட்டும் எடுக்கலாம் என்று பெட்டியைத் திருப்பினேன். வழக்கம்போல நான் ஒரு பக்கம் திருப்ப அது இன்னொரு பக்கம் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து, அடுப்பு பொங்குதோ என்னமோ, அவள் தலையைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். விசையைத் தட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. அதோடு சுருளும் முடிந்தது.

நீ சொன்னபடி பிரிக்காமல் தபாலில் அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்கிறேன், வாங்குகிற ஆள் இல்லை என்று முத்திரை குத்தித் திரும்பி வந்துவிடுமோ என்று பயந்தேன். அந்த மாதிரி ஒரு தபாலை உன் ஆத்தா கண்ணில் காட்ட எனக்குத் தைரியம் இல்லை. அதனால் வீட்டில் காரணம் சொல்லாமல் பஸ் ஏறித் தொப்பூர் கணவாய் வழியாகச் சேலம் போய் ஒரு படக்கடையில் கொடுத்துக் கழுவினேன். காகிதம் தீர்ந்துவிட்டது, படம் அடுத்த வாரம் தருகிறேன், அதுவரை பிலிமைக் கொண்டுபோய் வைத்திருங்கள் என்று அவர் சுருட்டிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அங்கேதான் தப்பு. நீ தினம் கையில் வைத்துக் கழுவுகிற பொருள்தானே, பிலிமில் எல்லாம் தலைகீழ் நிறமாக இருக்கும் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் என்னடா.

நான் வாசலில் சுருளைப் பிரித்துக் காட்டினேன். உன் ஆத்தா, ஒரே பொகையா இருக்குது என்று போய்விட்டாள். முனியம்மாள் வாங்கிச் சூரியனுக்கு நேரே பிடித்தாள். படம் எடுத்த அன்று அவள் கட்டியிருந்தது அரக்குச் சேலை, அது பிலிமில் வெள்ளைச் சேலை. எண்ணெய் வைத்துச் சீவிய தலை, அதில் நரைத்த தலை. நெற்றியில் குங்குமம் வைத்திருந்தாள், அது வெள்ளையாக, திருநீறு இட்டது போல. சுருளை என் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. உன் ஆத்தா கெஞ்சினாள், திட்டினாள், ஒன்றும் நடக்கவில்லை. அதற்கும் மறுநாள் நான் மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் வந்து என் எதிரிலேயே நின்றாள். தூணுக்குப் பின்னால் இல்லை, எதிரில். மாமா, தந்தி ஏதாச்சும் வந்துச்சுங்களா, அதுக்குத்தான் சேலம் போனீங்களா, மறைக்காத சொல்லிருங்க என்று கேட்டாள். காரணம் சொல்லாமல் சேலம் போனவன் நான், திரும்பி வந்தவன் கையில் அந்தப் படம், அந்தப் பெண் வேறு என்ன நினைப்பாள்.

தந்தி வரவில்லை என்று தீர்த்தமலையான் மேல் சத்தியம் செய்தேன். அப்புறம்தான் எனக்குப் புத்தி வேலை செய்தது. சுருளை எடுத்து ஆடி மாதப் படத்தைக் காட்டினேன். பாரு, நம் வெள்ளைக் காளை இதில் கறுப்பாக நிற்கிறது, கோவிந்தன் வீட்டு எருமை வெள்ளையாக நிற்கிறது, அது போலத்தான் உன் சேலையும் பொட்டும், காகிதத்தில் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். காளை கறுப்பா தெரிஞ்சா காளைக்கு ஒண்ணும் ஆவப்போறதில்லீங்களே மாமா என்றாள். பிறகு, இதுல எதுங்க நெசம், பிலிமா காயிதமா என்று கேட்டாள். சென்றாயா, காகிதம்தான் என்று வாய் சொன்னது. உன் கடிதம் வராமல் எது நிஜம் என்று எனக்கே தெரியவில்லை. தைரியம் சொல்லப் போனவன் மாட்டுக் கொட்டகையில் அழுதுகொண்டு நின்றேன், அவள்தான், அழுவாதீங்க மாமா, கஞ்சி குடிக்கிறேன் என்றாள். குடித்தாள்.

அதற்குப் பிறகு உன் பழைய கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். சும்மா நடக்கிறது என்றால் என்ன என்று புரியவில்லை என நான் ஆவணியில் எழுதியதற்கு நீ பதில் போட்டிருக்கிறாய், வாசல் தெளிக்கிறது, கிணற்றில் தண்ணீர் சேந்துகிறது, கன்றுக்குத் தண்ணீர் காட்டுகிறது, அவரைக்காய் பறிக்கிறது, புளி தட்டுகிறது என்று. இது என்ன பெண்பிள்ளை வேலையாகவே எழுதியிருக்கிறான், காட்டையும் மலையையும் விட்டுவிட்டான் என்று அப்போது உன்னைத் திட்டினேன். இப்போது படித்தால், நீ எழுதிய ஒவ்வொரு இடத்திலும் நிற்கிறவள் ஒருத்திதான். அட மடையா, உன் பெண்சாதியைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று தகப்பனிடம் கேட்க வெட்கப்பட்டு, ஆடி என்றும் ஐப்பசி என்றும் பருவம் என்றும் என்னைச் சேற்றுக்குள் அலையவிட்டாயே. உன் ஆத்தாவிடம் சொன்னேன். உங்களுக்கு இப்பத்தான் வெளங்குச்சா என்று சிரித்தாள். அவளுக்கு முதல் நாளே தெரியுமாம். ஏன் சொல்லவில்லை என்றால், நீங்க பெட்டியத் தூக்கிக்கிட்டுக் குனிஞ்சு குனிஞ்சு நடக்கறதப் பார்க்கறதுக்கு நல்லா இருந்துச்சு என்கிறாள். இந்த வீட்டில் எனக்கு இதுதான் மரியாதை.

போன வாரம் சுருளை மறுபடி கடையில் கொடுத்துப் படம் வாங்கி வந்தேன். இதோடு வைத்திருக்கிறேன். சேலை கறுப்பு, தலை கறுப்பு, பொட்டும் கறுப்பு. கண் உன்னைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது, உண்மையில் அவள் பார்த்தது அடுப்பைத்தான், நீ எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள். மற்றப் படங்களும் இருக்கின்றன, சேறும் பந்தலும் உனக்கு எதற்கு. உடம்பைப் பார்த்துக்கொள். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, ஆஸ்பத்திரியில் கொயினா மருந்து கொடுத்தால் கசப்பு என்று துப்பாதே, சாயங்காலம் வெளியே உட்காராதே. சித்திரையில் வந்து அவளை அழைத்துப்போகிறேன் என்று சொன்ன வார்த்தை இங்கே எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது.

ஒரே ஒரு காரியம் கேட்கிறேன். பூச்சாடிக்குப் பக்கத்தில் கோட்டுப் போட்டு நின்று எடுத்த உன் பழைய படம் வேண்டாம். இந்தப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, நீ அங்கே எப்படி இருக்கிறாயோ அப்படியே, காய்ச்சலில் இளைத்திருந்தால் இளைத்தபடியே, சும்மா நின்று ஒரு படம் எடுத்து உடனே அனுப்பு. காகிதத்தோடு பிலிமையும் சேர்த்து அனுப்ப வேண்டும், இது நான் கேட்கிறது இல்லை. படம் வந்த அன்று அந்தச் சுருளைப் பார்க்க வாங்கிய முனியம்மாள் என்னிடம் திருப்பித் தரவே இல்லை, தன் பெட்டியில் வைத்திருக்கிறாள், அடிக்கடி எடுத்து வெயிலில் பிடித்துப் பார்க்கிறாள். எதுக்குடி அந்தக் கருமத்தப் பாக்கற என்று உன் ஆத்தா நேற்று அதட்டினாள். அதற்கு அந்தப் பெண், அவங்க பிலிமும் வரட்டுங்க அத்தை, அதுல அவங்களுக்கும் தல நரச்சிருக்கும், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துக்கறேன் என்றாள்.

இரண்டு பேரும் அப்படியே நரைத்து இருக்க வேண்டும் என்று நானும் உன் ஆத்தாவும் கும்பிட்டுக்கொள்கிறோம். பிலிமை மறக்காதே.

இண்டூரிலிருந்து ஆசீர்வாதத்துடன்,
உன் அப்பா
மாதப்பன்