இரண்டாம் தரம் மெதுவாக

அன்பு மகளுக்கு,

அந்தப் பழைய இத்தாலி வயலின் இசையில் ஒரே வரியை முதலில் ஓங்கியும் மறுபடி மெல்லவும் வாசிப்பாய். "ஏளா, கை ஓஞ்சு போச்சா?" என்று கேலி செய்வேன். "இல்லப்பா, சத்தமாச் சொன்னதையே மெதுவாச் சொன்னாத்தான் உள்ள போகும்" என்பாய். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் சத்தத்துக்கு மேலே கத்திப் பிழைக்கிற எனக்கு அது எங்கே விளங்கும்?

நீ மெட்ராஸுக்கு வாசிக்கப் போன அன்று ரயிலடியில், ஊரே பார்க்க, "ஏளா, வீட்டுக்கு வா!" என்று கத்தினேன். எட்டு மாதமாய் உன் கடிதம் இல்லை.

இப்போது தொண்டை போய்விட்டது. பேசவே கூடாதென்று டாக்டர் உத்தரவு. உன் அம்மாவுக்கு நிம்மதி. எனக்கும் கத்திக் கத்தி அலுத்துவிட்டது.

வந்து இருந்துவிட்டு நீ மெட்ராஸுக்குத் திரும்பிப் போகும்போது நானே ரயிலேற்றிவிடுகிறேன். கத்துவதற்குத்தான் தொண்டை இல்லையே. புதிதாய் எதுவும் எழுதத் தெரியவில்லை. அதே வரிதான்.

ஏளா, வீட்டுக்கு வா.

இப்படிக்கு,
சத்தம் ஓய்ந்த உன் அப்பா