குறிப்பேட்டில் அடித்த வரி

டீச்சர்,

நேற்று விடைத்தாள் கட்டுக்கு முத்திரை வைக்க அரக்கை மெழுகுவத்தியில் உருக்கினேன். வாசனை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. சேத்துப்பட்டு கல்லறையில் உங்களை அடக்கம் செய்து மூன்று மாதம் ஆகிறது. அன்று வராத அழுகை நேற்று அரக்குக்கு வந்தது. பியூனிடம் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்த இடைத்தேர்தலை மறக்க முடியுமா? நம் எம்.பி. உயிரோடு இருந்தவரை அவர் முகம் ஆரணியில் பாதிப் பேருக்குத் தெரியாது. செத்த பிறகு அவருடைய நாற்காலிக்காக ஊரே மண்டையை உடைத்துக்கொண்டது. பஸ் ஸ்டாண்டில் பிரசார ஜீப் எரிந்தது. எந்தக் கட்சி முன்னிலை என்பதை, கட்டுப்போட்ட தலைகளை எண்ணித்தான் டீக்கடையில் சொன்னார்கள்.

ஒரே பள்ளி வாத்தியார்களான நமக்குக் கண்ணமங்கலம் சாலையில் ஒரு வாக்குச்சாவடி. உங்களைவிட எட்டு மாதம் சர்வீஸ் அதிகம் என்பதால் நான் தலைமை அதிகாரி. விரலில் மை வைக்கும் வேலை உங்களுக்கு. அந்த ஒருநாள் பதவிக்காகச் சட்டைக்குக் கஞ்சி போட்டு வந்திருந்தேன்.

மதியம் மூன்று மணிக்குப் பத்துப் பதினைந்து பேர் தடியோடு நுழைந்தார்கள். காவலுக்கு இருந்த ஒரே போலீஸ்காரர் நெற்றியில் கல் பட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். கஞ்சி போட்ட சட்டை மேஜைக்கு அடியில் போனது, என்னையும் அழைத்துக்கொண்டு.

மேஜை ஓரமாகத் தலையை மட்டும் நீட்டிப் பார்த்தேன். மேலே உங்கள் குரல் கேட்டது. "மை வெக்காம ஓட்டுச்சீட்டு கெடையாது. வரிசையில வாங்க."

"இந்தா, வெச்சிக்க டீச்சர்" என்று அவர்கள் தலைவன் சிரித்தபடி கையை நீட்டினான். மைப்புட்டியை அப்படியே அவன் உள்ளங்கையில் கவிழ்த்தீர்கள். சிரிப்பு நின்றது. அவன் ஆட்கள் சீட்டுக் கட்டைப் பிடுங்கி, ஒரே சின்னத்தில் குத்திப் பெட்டியை நிரப்பினார்கள். போகும்போது அவன் குனிந்து என்னைப் பார்த்தான்.

"எல்லாம் அமைதியா நடந்துதுன்னு எழுது சார். பொண்டாட்டி, புள்ளைங்க கீறாங்க இல்ல?"

அவர்கள் போனதும் நீங்கள் குனிந்தீர்கள். "இன்னா சார், அங்க இன்னா தேடிகினு இருக்கீங்க?"

"சாக்பீஸ், டீச்சர்."

"கெடச்சுதா?"

ஐந்து மணிக்குத் தலைமை அதிகாரி எழுதித் தரவேண்டிய குறிப்பேட்டை எடுத்து, 'வாக்குப்பதிவு அமைதியாக நடந்தது' என்று எழுதினேன். கையெழுத்துதான் பாக்கி. அது விழுந்தால் கள்ள ஓட்டெல்லாம் நல்ல ஓட்டு. உறைகளுக்கு அரக்கு உருக்கிக்கொண்டிருந்த நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள்.

"எனக்கும் வூடு கீது சார். அவனுக்கு அதுவும் தெரியும். நடந்தத எழுதுங்க."

"எழுதிட்டேனே டீச்சர். வேற தாள் இல்ல."

"வேற தாள் இன்னாத்துக்கு? அத்த அடிச்சிட்டு எழுதுங்க. அடிச்சதும் தெரியட்டும்."

அடித்தேன். நடந்ததை எழுதினேன். கீழே கையெழுத்தும் போட்டேன்.

மூன்றாம் நாள் மறுவாக்குப்பதிவு. நம்மையே திரும்ப அனுப்பினார்கள். முதல் தடவை பயந்து வராத பெண்கள்கூட இடுப்பில் குழந்தையோடு வந்தார்கள். வரிசையில் அவனும் நின்றான், கறுத்த உள்ளங்கையோடு. பின்னால் நின்ற நெசவாளி, "இன்னாப்பா, சாயத்தொட்டியில கைய உட்டுட்டியா?" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. அத்தனை பேர் சிரித்த பிறகு தடி தூக்க அவனுக்குக் கை வரவில்லை.

பிற்பாடு இந்தக் கதையை நான் சொல்லாத இடமில்லை. என் கதையில் தடியைப் பிடுங்கியவன் நான். மேஜைக்கு அடியில் போனது நீங்கள். ஒருமுறை உங்கள் எதிரிலேயே சொல்லித் தொலைத்தேன். "சார் நல்லா சொல்றாரு" என்று டீயை ஊதிக் குடித்தீர்கள். அந்தச் சூடு எனக்கு இன்னும் ஆறவில்லை.

நேற்று மாலை, புதிதாக வந்த கணக்கு வாத்தியார் ஆவலாகக் கேட்டார்: "அந்தக் கலாட்டாவுல நீங்க ஒண்டியா நின்னீங்களாமே சார்?"

"நின்னது டீச்சர். அடியில பூந்தது நான்" என்றேன்.

அவர் முகத்தில் என் மதிப்பு மடமடவென்று இறங்கியது தெரிந்தது. தெரியட்டும்.