பூனைக்கு வைத்த வேண்டுதல்

1994, ஆடி, செவ்வாய் இரவு

ஆய்வுக்கூடத்தில் இன்று ஒரு பூனைக்கு மயக்க ஊசி போட்டு, மூளையில் ஓடும் கரண்டை மெஷினில் கோடாக எடுத்தார்கள். தலைமுடியைச் சிரைத்து, ஒயர் ஒட்டப் பசை தடவுவது என் வேலை. பழநி மொட்டைக்குச் சந்தனம் பூசியது போலவே இருந்தது.

"ஏனுங்க டாக்டரம்மா, இந்த அம்மணிக்கு என்ன வேண்டுதலுங்க?" என்றேன். சிரித்தார்.

மதியமே தெளிய வேண்டிய பூனை, சாயங்காலமாகியும் கண் திறக்கவில்லை.

"மருந்து கூடிப்போச்சுங்களா அக்கா?" என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார். முகம் சுண்டிப்போயிருந்தது.

எழுந்தால் நானே மொட்டை போடுகிறேன் முருகா என்று மனதுக்குள் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து என் விரலைக் கடித்தது.

வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. நுனியில் கொஞ்சம் கத்தரித்துப் பூமுடி கொடுத்தால் முருகன் ஒத்துக்கொள்வானா? மொட்டை என்றுதான் சொன்னேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது.