அழுத்த அறையில் ஐந்தரை மணி நேரம்

பதிவு 1. நவம்பர் 14, 2068. மாலை 4:20

வங்கக்கடல் அடித்தள ஆய்வு நிலையம். ஆழம் 130 மீட்டர். எழுதுவது தமயந்தி, உயிர்காப்புப் பொறியாளர்.

மேலே புயல். மற்ற ஆறு பேரும் மதியமே கரைக்குப் போய்விட்டார்கள். முக்குளிப்பவன் இன்னாசியால் போக முடியாது. பத்து நாளாகக் கடலடி அழுத்தத்தில் வேலை செய்தவன். உடம்பில் ஊறிய வாயு வெளியேற, அழுத்த அறைக்குள் ஐந்து நாள் மெதுவாக அழுத்தம் குறைய வேண்டும். அவசரப்பட்டால் சோடா பாட்டிலைத் திறந்ததுபோல ரத்தத்தில் குமிழி கட்டிவிடும். அவனுக்காக நான் தங்கியிருக்கிறேன்.

4:00 மணிக்கு அழுத்தம் குறைக்கத் தொடங்கினேன். கட்டுப்பாட்டுத் திரையின் புதிய பதிப்பைக் கரையிலிருந்து, மென்பொருள் பார்க்கும் ஃபரீத் மதியம்தான் ஏற்றினான். எழுத்து பெரிதாக இருக்கிறது, கண்ணுக்கு நல்லது. அறையின் கரியமில வாயு மானி இன்னும் பழுது. அந்த வாயுவை உறிஞ்சும் டப்பாவை மணிக்கணக்கு பார்த்து மாற்றுகிறோம். எட்டு மணி நேரம் ஆனால் அலாரம் அடிக்கும். ஹீலியம் கலந்த காற்றில் இன்னாசியின் குரல் எலிக்குஞ்சு போலிருக்கிறது. மீன்குழம்பு கேட்டான். பொட்டலம்தான் இருக்கிறது என்றேன்.

பதிவு 2. மாலை 4:50

வெளியேற்று வால்வு சீறுகிறது. மெல்ல மூச்சுவிடுவது போலத்தான் கேட்க வேண்டும். திரையில் ஒரு வரி: “அட்டவணைக்குப் பின்தங்கியுள்ளது. ஈடுகட்டப்படுகிறது.” தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எதற்குப் பின்தங்கியது?

கையால் மூடலாம் என்றால், கைவால்வு துருவேறி இறுகிக் கிடக்கிறது. முழு எடையையும் போட்டுப் பார்த்துவிட்டேன். மின்சாரத்தை அறுத்தால் உள்ளே காற்றோட்டமும் நின்றுவிடும்.

அறையிலிருந்து: “அக்கா, முட்டி ரெண்டும் கடுக்குது. பயப்பட ஒண்ணுமில்லல்ல?”

ஒன்றுமில்லை என்று சொன்னேன்.

பதிவு 3. மாலை 5:15

காரணம் கிடைத்தது. தொடக்க நேரம் காலை 10:30 என்று பதிவாகியிருக்கிறது. 10:30க்கு இன்னாசி வெளியே கடலில் இருந்தான்.

புதிய திரை நான் கொடுத்த நேரத்தை உலகப் பொது நேரமாக மாற்றி எழுதுகிறது. இந்தியாவில் மாலை 4:00 என்றால் உலக நேரத்தில் காலை 10:30. ஆனால் எந்த ஊர் நேரம் என்ற குறிப்பை அது சேர்ப்பதில்லை. குறிப்பில்லாத நேரம் எதுவானாலும் தரவுத்தளம் அதை இந்திய நேரமாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே இயந்திரத்தின் கணக்கில் இன்னாசி ஐந்தரை மணி நேரம் முன்னாலேயே தொடங்கிவிட்டான். அந்த ஐந்தரை மணி நேரத்தில் குறைந்திருக்க வேண்டிய அழுத்தத்தையெல்லாம் இப்போதே இறக்கப் பார்க்கிறது.

திரையில் 4:00 என்று திருத்தினேன். மறுபடியும் 10:30 என்றே எழுதிக்கொண்டது. இன்னொரு முறை போட்டேன். அதே. ஐந்தரை மணி கூட்டி இரவு 9:30 என்று போட்டால், இன்னும் வராத நேரம் செல்லாது என்கிறது. தரவுத்தளத்தை நேரடியாகத் திருத்தும் கடவுச்சொல் கரையில்தான் இருக்கிறது. ஃபரீதுக்கு எழுதிவிட்டேன். இணைப்பு விட்டுவிட்டு வருகிறது.

பதிவு 4. மாலை 5:40

கரையிலிருந்து, ஃபரீத்: “அக்கா, டேட்டாபேஸோட நேர மண்டலத்தையே உலக நேரத்துக்கு மாத்திட்டேன். இப்ப பாருங்க.”

சீறல் நின்றது. தொடக்கம் மாலை 4:00 என்று சரியாக வருகிறது. கையிருப்பு வாயுவைச் செலுத்தி அழுத்தத்தைப் பழைய அளவுக்கு ஏற்றினேன். முட்டிவலி குறைகிறது என்கிறான். பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பதிவு 5. இரவு 8:30

இன்னாசி கேள்விக்கு ஒரு வார்த்தையில்தான் பதில் சொன்னான். களைப்பு என்று நினைத்தேன். பிறகு தலை வலிக்கிறது என்றான். பிறகு பதிலே இல்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தால் வாயைத் திறந்து, நாய் இளைப்பதுபோல மூச்சு வாங்குகிறான்.

உறிஞ்சும் டப்பா. அதை அவன் காலை 11:20க்கு மாட்டினான். பழைய திரை அதை இந்திய நேரமாகவே எழுதியது. இப்போது தரவுத்தளம் அந்த 11:20ஐயும் உலக நேரமாகப் படிக்கிறது. அதாவது மாலை 4:50. இரவு 7:20க்கே அடிக்க வேண்டிய அலாரம் நள்ளிரவு தாண்டித்தான் அடிக்கும். புதிய பதிவைச் சரிசெய்ய, பழைய பதிவெல்லாம் தவறிப்போனது. அதை நான் யோசிக்கவே இல்லை. தான் விட்ட மூச்சையே அவன் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கிறான்.

கண்ணாடியைத் தட்டினேன். அசையவில்லை. டப்பாவை உள்ளிருந்துதான் மாற்ற முடியும்.

பதிவு 6. இரவு 8:40

இடைக்கதவு அறை வழியாக நான் உள்ளே போகிறேன். போனால் ஐந்து நாள் வெளியே வர முடியாது. வால்வையும் திரையையும் பார்த்துக்கொள்ள வெளியே யாரும் இருக்க மாட்டார்கள், இயந்திரம் மட்டும்தான். தொடக்க நேரம் இப்போது சரியாக இருக்கிறது. அதை யாரும் தொடாதவரை பயமில்லை. நேர மண்டலத்தை மாற்றவே கூடாது என்று ஃபரீதுக்கு அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை.

மூன்று டப்பா, தண்ணீர், டேப்லெட். இடைக்கதவு அறையில் அழுத்தம் ஏறுகிறது, காது வலிக்கத் தொடங்கிவிட்டது.

பதிவு 7. இரவு 9:35

உள்ளே இருக்கிறேன். டப்பா மாற்றியாகிவிட்டது. இன்னாசி கண் திறந்தான். என்னைப் பார்த்ததும், “நீங்க ஏன் வந்தீங்க, வெளிய யாரு இருக்கா?” என்றான். பாட்டிலை நீட்டினேன். தண்ணீர் குடித்தான். கையைப் பிடித்துக்கொண்டே தூங்கிவிட்டான்.

பதிவு 8. இரவு 10:10

கரையிலிருந்து: “மேடம், ஷிஃப்ட் மாறியாச்சு, நான் குமரகுரு. உங்க டேட்டாபேஸ்ல நேர மண்டலம் தப்பா உலக நேரத்துல இருந்துச்சு. பழைய பதிவெல்லாம் குழம்பிக் கிடந்தது. இந்திய நேரத்துக்கே திருப்பி வச்சுட்டேன். இனி கவலையில்லாம தூங்குங்க.”

தொடக்கம் மறுபடி காலை 10:30 ஆகிவிட்டது, உலக நேரத்துக்கே மாற்றுங்கள் என்று எழுதினேன். இணைப்பு இல்லை. மறுபடி எழுதினேன். இணைப்பு இல்லை.

வால்வு சீறுகிறது.

பதிவு 9

இன்னாசியை எழுப்பினேன். வெளியேற்றுக் குழாயின் வாய் படுக்கைக்கு மேலே சுவரில். ரப்பர் விரிப்பை மடித்து, சாப்பாட்டுத் தட்டை அதன்மேல் வைத்து, இருவரும் முதுகைக் கொடுத்து அழுத்துகிறோம். அவனால் கால் ஊன்ற முடியவில்லை. எனக்குத் தோள் கடுக்கிறது. அது களைப்பா, குமிழியா, தெரியாது.

இதைப் படிப்பவர்களுக்கு. எங்கள் தொடக்கம் மாலை 4:00. இந்திய நேரம். இந்திய நேரம். திரை வேறு என்ன சொன்னாலும் நம்பாதீர்கள்

ஒரு கையால்தான் எழுதுகிறேன்

சத்தம் குறைந்திருக்கிறது. நிற்கவில்லை