முத்து முத்தான நோட்டு

நவம்பர் 9, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஜன்னலோரம் கிடைத்தது. சென்னையில் வகுப்பு, பத்து முதல் நாலு வரை. கற்றல் குறைபாடு முதுநிலைப் பட்டயம், பகுதி நேரம், ஞாயிறு மட்டும். பணி ஓய்வுக்குப் பிறகு சேர்ந்தவள் நான் ஒருத்திதான். பக்கத்து இருக்கைப் பெண்: "ஆன்ட்டி, பேனா இருக்கா?" இருக்கிறது. நாலு.

இன்று அறிகுறிப் பட்டியல் கொடுத்தார்கள். முழுக்க ஆங்கில எழுத்துக்குச் செய்தது. b-யையும் d-யையும் மாற்றி எழுதுகிறதா என்று ஒரு கேள்வி. நம் பிள்ளைக்கு 'கொ'வில் கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் மாட்டிய எழுத்து எது என்பதே திண்டாட்டம். எழுந்து சொன்னேன். வழிகாட்டிக்கு முப்பது வயது இருக்கும். "ஃபார்மட்டை மாத்த முடியாது மேம்." பிள்ளையை மாற்றிவிடலாமா?

ஒரு மாணவரைப் பற்றிய கேஸ் ரெக்கார்டு 20-ஆம் தேதிக்குள். என்னுடையது பவித்ரா. எதிர்வீட்டு லட்சுமியின் மகள், பத்தாவது. ஜூன் முதல் மாலையில் என்னிடம் வருகிறாள். வாயால் கேட்டால் பதில் முழுதாக வரும். எழுத்தைக் கண்டால் நின்றுவிடுவாள். மூன்று நடை நடந்து மருத்துவமனைச் சான்று வாங்கியாயிற்று. இனி சலுகை விண்ணப்பத்தில் தலைமையாசிரியர் (த.ஆ.) கையெழுத்து மட்டும். கிடைத்தால் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதல், அவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள். கடைசி நாள் வெள்ளி.

நவ. 11, செவ்வாய்

மழை இல்லை. குடையைப் பேருந்தில் விட்டேன்.

பள்ளிக்குப் போனேன். த.ஆ. நாற்காலி போடச் சொன்னார், டீ வரவழைத்தார், கையெழுத்து மட்டும் போடவில்லை. பவித்ராவின் அறிவியல் நோட்டை என் முன் விரித்தார்.

"நீங்களே பாருங்க மேடம். முத்து முத்தா இருக்கு. வாரா வாரம் நானே கையெழுத்து போடறேன். இந்த நோட்டை வச்சிக்கினு குறைபாடுன்னு எழுதினா, நாளைக்கு ஆபீசர் வந்து என்னை இன்னா கேப்பாரு?"

"சான்று இருக்கே சார்."

"சர்டிபிகேட் யாரு வேணா வாங்கலாம் மேடம்."

ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையில் சரி, தேதி, சுருக்கொப்பம். பின்னட்டையில் மூன்று நட்சத்திரம். பத்து வருடம் இந்தப் பெண்ணின் நோட்டைத் திருத்தியவர்களில் ஒருவர்கூட, ஒரே ஒருவர்கூட, "நீ எழுதியதை நீயே படி" என்று கேட்டதில்லை. சிக்குக் கோலத்தைப் புள்ளி பிசகாமல் போடலாம். அதை வாசிக்கச் சொன்னால்? கரும்பலகையைப் பார்த்து அவள் போடுவது கோலம்.

 முப்பத்துமூன்று வருடம் நானும் அதைத்தானே செய்தேன். "பார்த்து எழுது, பத்து தடவை." அழகாக இருந்தால் நட்சத்திரம். என் வகுப்பில் எத்தனை பவித்ராக்கள் நட்சத்திரத்தோடு ஃபெயிலாகிப் போனார்களோ.

வாங்க: பால், தலைவலித் தைலம், சிவப்பு மை பேனா வேண்டவே வேண்டாம்.

நவ. 12, புதன்

பவித்ராவையும் கூட்டிக்கொண்டு மறுபடி த.ஆ. அறை. எழுதியதை அவளையே படிக்கச் சொல்லிப் பாருங்கள் என்றேன். "சரி, படிக்கட்டும்" என்றார். அறையில் கிளார்க்கும் இருந்தார்.

அவள் நோட்டைத் திறந்து படித்தாள். வேர்த்தூவி நீரை உறிஞ்சுவது, தண்டு வழியே ஏறுவது. ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

"ரேடியோ மாதிரி படிக்குது சார்!" என்றார் கிளார்க். த.ஆ. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்குத் தெரியும், அத்தனையும் மனப்பாடம். ஓர் எழுத்தும் தெரியாமல் நான் தெலுங்குப் பாட்டு பாடுவது போல. கோபத்தில் கை நீட்டி நான்கு பக்கம் புரட்டினேன். "நிறுத்தாதே, படி" என்றேன். புதுப் பக்கத்தில் இதயத்தின் நான்கு அறைகள். அவள் வாயில் அதே வேர்த்தூவி, விட்ட இடத்திலிருந்து.

"ஹார்ட்டுக்கு வேர் முளைச்சிடுச்சு சார்!" கிளார்க் மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

த.ஆ. உடனே கையெழுத்துப் போட்டார். பவித்ரா நோட்டை மூடிக்கொண்டு வெளியே போனாள். வீடு வரை எனக்கு முன்னால் பத்தடி தள்ளியே நடந்தாள். என் கையிலிருந்த விண்ணப்பத்தில் மாணவி கையொப்பக் கட்டம் காலி.

மாலையில் வரவில்லை. வழிகாட்டிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "சூப்பர் மேம்! அப்படியே அப்சர்வேஷன்ல போடுங்க. கிளார்க் சிரிச்சதையும் விட்டுடாதீங்க. இந்த பேட்ச்லயே உங்க கேஸ்தான் பெஸ்ட்." போனை வைத்துவிட்டேன். வழிகாட்டி மேல் வந்த கோபத்தில் பாதி எனக்குரியது.

நவ. 13, வியாழன்

விடிந்ததும் எதிர்வீடு. லட்சுமி சிப்காட் கம்பெனி வேனுக்காக வாசலில்.

"இன்னா டீச்சர் பண்ணீங்க? நைட்டு சோறு துன்னல. ஸ்கூலே வாணா, உன்னோட கம்பெனிக்கு வரேன்னு சொல்லிக்கினு கீது."

பவித்ரா உள்ளே, சுவரைப் பார்த்துக்கொண்டு. "தப்பு பண்ணிட்டேன் பவி. உன்கிட்ட கேட்காம செஞ்சிருக்கக் கூடாது" என்றேன்.

"பத்து வருசமா யாருக்கும் தெரியாம வச்சிக்கினு இருந்தேன் டீச்சர். மத்த புள்ளைங்க படிக்கச் சொல்லி, காதால கேட்டு, அத்தினி பாடமும். ஒரே நிமிசத்துல நாறடிச்சிட்டீங்க."

தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உங்க படிப்புக்கு என்னைப் பத்தி எழுதிக்கினு கீறீங்களாமே. எங்கம்மா சொல்லுச்சு. எடுத்தாங்க."

கேஸ் ரெக்கார்டு ஃபைலைக் கொண்டுவந்தேன், விண்ணப்பத்தோடு சேர்த்து. நாற்பத்திரண்டு பக்கம். கிழிப்பாள் என்று நினைத்தேன். "படிங்க" என்றாள்.

படித்தேன். வேன் வந்து ஹாரன் அடித்தது, லட்சுமி போய்விட்டாள். மூன்றாம் பக்கத்தில், "மாணவி வாசிப்பது போல் நடிக்கிறாள்."

"நடிக்கிறேனா? நீங்க ஒரு பாடத்தைக் காதால கேட்டு மனப்பாடம் பண்ணிக் காட்டுங்க பாப்போம். வேலை டீச்சர் அது."

அந்த வரியை அடிக்கப் பேனா எடுத்தேன். "வாணா. இது உங்க காலேஜுக்குப் போகக் கூடாது."

"சரி."

"மார்க் போயிடாது?"

"போகும்."

 ஃபைலை வாங்கித் தன் பைக்குள் வைத்தாள். பிறகுதான் விண்ணப்பத்தை இழுத்து, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக வரைந்தாள். வழக்கம் போல முத்து முத்தாக.

செமஸ்டர் போயிற்று. போகட்டும். நாளை வரை காத்திருக்கப் போவதில்லை, இப்போதே கிளம்புகிறேன். அந்தக் கிளார்க் என் கண் முன்னால் விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில் பதிவேற்றும் வரை எழுந்திருக்க மாட்டேன். இன்றைக்குச் சிரிக்கட்டும், பார்க்கிறேன்.